தளவாய் மடியில் ஏறிய இறக்கை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை மகுடவர்மன் என்ற மன்னர் ஆண்டுவந்தார். அவரிடம் ஒரு மின்சாரக் கார் இருந்தது. அந்தக் காலத்தில் ஏது மின்சாரக் கார் என்று கேட்காதீர்கள். கிளி பேசிய கதையை மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டீர்களே, இதையும் கேளுங்கள்.

காரை வாங்கலாம் என்று யோசனை சொன்னவன் அரசவை விகடகவி அம்பலவாணன். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் எல்லைக் கோட்டைக்குப் போய்த் திரும்பி, அரண்மனையை நாலு சுற்றும் சுற்றலாம். தளவாய் வீரபாகுவுக்கு இது பொறுக்கவில்லை. தாம் சொல்லாத யோசனை நல்ல யோசனையாக இருந்தால் அவருக்கு வயிறு எரியும்.

"அரசே, கண்டவன் காருக்கும் தங்கள் காருக்கும் ஒரு வித்தியாசம் வேண்டாமா?" என்று தொடங்கினார். சின்னச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பொன்முலாம் பூசிய பெரிய அகலச் சக்கரங்களை மாட்டினார். சஸ்பென்ஷனை உயர்த்தி, மன்னர் ஏணி வைத்து ஏறும்படி செய்தார். பின்பக்கம் கதவளவுக்கு ஓர் இறக்கையையும் நட்டார். ஸ்பாய்லராம். வண்டி போவது யானை ஊர்வலத்துக்குப் பின்னால், அதற்கு இறக்கை ஒன்றுதான் குறைச்சல்! மன்னர் பூரித்துப்போனார்.

"காற்று கோபித்துக்கொள்ளும், அரசே" என்றான் அம்பலவாணன். யார் காதிலும் விழவில்லை.

பக்கத்து நாட்டு மன்னர் எல்லைக் கோட்டையில் விருந்து வைத்தார். மகுடவர்மன் புறப்பட்டார். பாதி வழியில், பனந்தோப்பருகே சார்ஜ் தீர்ந்து கார் படுத்துவிட்டது. மாடு பூட்டி இழுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பாயச அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.

போர்க்களத்தில் தோற்றபோதுகூட மன்னருக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. "இந்தக் காரை வாங்கச் சொன்னவன் யார்?" என்று கர்ஜித்தார். தளவாய் பணிவோடு விகடகவியைக் காட்டினார்.

"அம்பலவாணா! பௌர்ணமியன்று மீண்டும் விருந்து. ஒரே சார்ஜில் போய்த் திரும்ப வேண்டும். நடுவழியில் நின்றால், அன்றே நீ இந்த நாட்டை விட்டு வெளியேற வேண்டும்."

தம் அலங்காரத்தில் கைவைத்துவிடுவானோ என்று தளவாய் உடனே ஓர் ஆணை எழுதி, மன்னரிடம் முத்திரை வாங்கித் தண்டோரா போட்டார். "பொன் சக்கரங்கள் நான்கும் அரசரோடு வர வேண்டும். அரசர் முன்போலவே உயரத்தில் அமர வேண்டும். இறக்கை அரசருக்குப் பின்னால் வர வேண்டும்!" தண்டோரா போட்ட ஆணையை அந்த நாட்டில் மன்னரே நினைத்தாலும் மாற்ற முடியாது. விகடகவியை ஏற்றி அனுப்ப எல்லையில் ஒரு கழுதையையும் தளவாய் கட்டிவைத்தார். நல்ல மனசு, நடக்க விடவில்லை.

அன்று அம்பலவாணனுக்குச் சோறு இறங்கவில்லை. பிறந்த ஊரை ஓர் இறக்கைக்காக விட்டுப் போவதா என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"காற்று, கோபம் என்று யார் உங்களைப் பேசச் சொன்னது?" என்றாள் மனைவி பர்வதம்.

தெருவில் தண்டோராக்காரன் மறுபடி கத்திக்கொண்டு போனான். அம்பலவாணன் ஒவ்வொரு சொல்லாகக் காது கொடுத்துக் கேட்டான். "பர்வதம், இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்று" என்றான்.

பௌர்ணமியன்று கார் பழைய சின்னச் சக்கரங்களில், தரையை ஒட்டித் தாழ்ந்து நின்றது. உள்ளே அடுக்கிய மெத்தைகளின் மேல் மன்னர் அமர்ந்திருந்தார். கிரீடம் கூரையில் இடித்தது. விகடகவி நாடு கடத்தப்படுவதைக் கண்குளிரப் பார்க்க வந்த தளவாய்க்குப் பின் இருக்கை. டிக்கியில் இரண்டு பொன் சக்கரங்கள், அவருக்கு இருபுறமும் ஒவ்வொன்று, மடியில் இறக்கை.

"ராஜத்துரோகம்! ஆணையை மீறிவிட்டான்!" என்று இறக்கைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"எங்கே மீறினேன், தளவாய் அவர்களே? சக்கரங்கள் அரசரோடு வருகின்றன. அரசர் உயரத்தில் இருக்கிறார். இறக்கை அவருக்குப் பின்னால் தங்கள் மடியில் இருக்கிறது. எதை எங்கே மாட்ட வேண்டும் என்று தாங்கள் எழுதவில்லையே?" மன்னர் பக்கம் திரும்பினான். "அரசே, அகலச் சக்கரம் தரையை விடாமல் பிடித்துக்கொள்ளும். உயர்த்திய காரின் அடியில் காற்று புகுந்து இழுக்கும். வெளியே நட்ட இறக்கை காற்றோடு மல்லுக்கு நிற்கும். பாவம் பேட்டரி, எத்தனை பேரோடு சண்டை போடும்? மடியில் கிடக்கிற இறக்கை தளவாயைத் தவிர யாரையும் தொந்தரவு செய்யாது."

கார் சத்தமில்லாமல் ஓடியது. மன்னர் பாயசத்தை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். திரும்பும் நேரம் தளவாய் கையெடுத்துக் கும்பிட்டார். "அரசே, அந்த இருக்கையில் மட்டும் மறுபடி ஏற்றாதீர்கள்."

"கவலை வேண்டாம்" என்றான் அம்பலவாணன். "இறக்கை அரசருக்குப் பின்னால் வந்தால் போதும். எவ்வளவு பின்னால் என்று ஆணையில் இல்லை. தாங்கள் கட்டிவைத்த கழுதையும் சும்மாதான் நிற்கிறது."

கார் நிற்காமல் அரண்மனை சேர்ந்தது. மறுநாள் உச்சி வெயிலில் இறக்கையைக் கட்டிப் பிடித்தபடி கழுதைமேல் வந்து இறங்கிய தளவாயைப் பார்த்து, மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அம்பலவாணா, என்ன பரிசு வேண்டும், கேள்!"

"அந்த இறக்கையைக் கொடுங்கள், அரசே. பர்வதம் வடகம் காயவைக்க இடமில்லாமல் தவிக்கிறாள்."

"தந்தேன்!" என்ற மன்னர் சற்று யோசித்தார். "காக்காய் விரட்ட ஆள் வேண்டுமே" என்று தளவாயைப் பார்த்தார்.