பதினோரு ஓட்டு

சட்டமன்றத் தேர்தலில் கட்சி நின்ற இடமெல்லாம் தோற்றது. தலைவரின் சொந்தத் தொகுதியே பதினோரு ஓட்டில் கைவிட்டுப் போனது. மறுநாள் கட்சி அலுவலகத்தில் அந்தத் தொகுதி நிர்வாகிகள் இருபது பேரும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"கூட இருந்தே குழி பறிச்சவன் எவன்?" மேசையை ஓங்கி அறைந்தார் தலைவர். "அவனைத் தூக்கி எறிஞ்சாத்தான் கட்சி பிழைக்கும்!"

டீ ஊற்றிக்கொண்டிருந்த சோலையப்பன் தொண்டையைச் செருமினான்.

"என்னடா, உனக்குத் தெரியுமா? டீ ஆறுறதுக்குள்ள சொல்லு. இல்லேன்னா உனக்கு இங்க வேலை இல்ல."

"எல்லாரையும் இடது கை ஆள்காட்டி விரலைக் காட்டச் சொல்லுங்கய்யா."

இருபது விரல்கள் தயங்கித் தயங்கி நீண்டன. ஒன்றில்கூட ஓட்டுப் போட்ட மை இல்லை. ஜெயிப்பது உறுதி என்று, ஓட்டுப்பதிவு அன்றைக்கே மந்திரி பதவி கேட்டுத் தலைவர் வீட்டில் காத்துக் கிடந்தவர்கள் அவர்கள். டீ ஊற்றியவன் விரலில் மட்டும் மை கருகருவென்று இருந்தது.

தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "அடப்பாவிகளா! ஒருத்தன்கூடவா போடல?"

"டீ கொதிக்குதுங்கய்யா, ரெண்டு கையாலயும் பிடிங்க" என்று டம்ளரை நீட்டினான் சோலையப்பன்.

துண்டுக்குள் இருந்த தலைவரின் இடது கை வெளியே வந்தது. அந்த விரலும் சுத்தமாக இருந்தது.