சம்பந்தி கொடுத்த சென்சார்

தங்கப்பழத்துக்கு முதலில் தீங்கு செய்தவர் வள்ளியூர் ஆதிலிங்கம். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், தங்கப்பழத்தின் சம்பந்தி. வேறு யாராவது செய்திருந்தால் தங்கப்பழம் கடை வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பார். இது மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. கேட்கவும் முடியாது, மறக்கவும் முடியாது. மறக்காமல் இருப்பது ஒன்றுதான் அவர் பள்ளிக்கூடம் போகாமலே நன்றாகக் கற்றுக்கொண்ட வித்தை.

தங்கப்பழத்துக்குப் பணகுடியில் பஞ்சர் கடை. பழைய பெட்ரோல் கார் ஒன்று வைத்திருந்தார். என்ஜினுக்குள் போகும் காற்றை அளப்பதற்கு அதில் ஒரு சென்சார் உண்டு. அது ஒருநாள் கெட்டுப்போனது. தானாகக் கெட்டது என்று சொல்ல முடியாது. தூசி படிந்திருக்கிறதே என்று, லாரி டயருக்குக் காற்றடிக்கும் குழாயை அதன் மூக்கில் வைத்து இவர்தான் ஊதினார். உள்ளே மயிரிழை போல ஒரு கம்பி இருந்தது. தூசியோடு அதுவும் போய்விட்டது.

ஆதிலிங்கம் வேறொரு சென்சார் கொடுத்தார். "கம்பெனி சாமான் வர நாளாவும் சம்பந்தி. இத மாட்டுங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

மாட்டின மறுநாளே வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ரயில்வே பாலம் ஏறும்போது கார் காசநோய்க்காரன் மாதிரி இருமியது. பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் ஒலி எழுப்பக்கூட இல்லை. இரக்கப்பட்டு ஒதுங்கிப் போனான்.

இதுவே வேறு சமயமாக இருந்தால் இருமட்டும் என்று விட்டிருப்பார். ஆனால் மகள் செல்வக்கனிக்கு ஏழாம் மாதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு அவளைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். "எதுக்கு சிரமம்? நானே என் வண்டியில கொண்டுவந்து விட்டுருதேன்" என்று ஆதிலிங்கம் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். "என் மகள என் வண்டியிலதான் கூட்டிட்டுப் போவேன். இல்லன்னா நான் மீசைய எடுத்துருதேன்" என்று தங்கப்பழமும் சொல்லிவிட்டார். அவர் முகத்தில் பார்க்கும்படியாக இருந்தது அந்த மீசை ஒன்றுதான்.

மெக்கானிக் ஜெபராஜ் ஒரு கருவியைச் செருகிப் பார்த்தான். "காத்து கூடுதல், பெட்ரோல் கம்மின்னு காட்டுது அண்ணாச்சி. புதுசா மாட்டுன சென்சார் மட்ட சாமான். வர்ற காத்தக் கொறச்சுச் சொல்லுது. அத நம்பி வண்டி பெட்ரோலக் கொறச்சு விடுது. கம்பெனி சென்சார் மாட்டுனா சரியாப் போவும்."

தங்கப்பழம் உடனே சம்பந்திக்குப் போன் போட்டார். ஆதிலிங்கம் நிதானமாகச் சொன்னார்: "சாமானக் கொறை சொல்லதுக்கு முந்தி, வேற எங்கயாவது காத்து கசியுதான்னு பாருங்க. கசிவு இல்லன்னு உறுதியாச் சொன்னா, கம்பெனி சென்சார நானே கொண்டுவந்து மாட்டித் தாரேன்."

வாக்கு கொடுத்துவிட்டார். இனிக் கசிவு இல்லை என்று காட்ட வேண்டியதுதான் பாக்கி. பஞ்சர் கடைக்காரனிடம் போய்க் கசிவைப் பார் என்று சொன்னால்?

கடையில் மூன்று பேர். தங்கப்பழம், அவர் மச்சினன் சுயம்பு, கூட்டாளி வேதமாணிக்கம். மூவரும் காரைச் சுற்றி உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"அத்தான், வண்டில காத்து கூடுதல்னுதான ஜெபராஜ் சொன்னான்?" என்றான் சுயம்பு.

"ஆமா."

"வண்டில காத்து எங்க இருக்கு? டயர்லதான இருக்கு?"

மற்ற இருவருக்கும் இது ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. நாலு டயரிலும் பாதிக் காற்றைத் திறந்து விட்டார்கள். வண்டியை எடுத்தால் முன்பு இருமிக்கொண்டு போனது, இப்போது இருமிக்கொண்டு தவழ்ந்தது. மஞ்சள் விளக்கு அப்படியே எரிந்தது.

வேதமாணிக்கம் வானத்தைப் பார்த்தார். ஆனி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றில் வேட்டி ஒருவர் இடுப்பில் நிற்காது. சுற்றிலும் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன.

"வே தங்கப்பழம், இம்புட்டுக் காத்துக்குள்ள மூக்க நீட்டிக்கிட்டுப் போனா எந்த என்ஜினுக்குத்தான் காத்து கூடாது? முதுகக் காட்டிட்டுப் போகணும் வே."

அதனால் கடையிலிருந்து பாலம் வரை ரிவர்ஸிலேயே போனார்கள். தங்கப்பழம் கழுத்தைத் திருப்பி ஓட்டினார். சுயம்பு முன்கண்ணாடி வழியாகப் பார்த்து, பின்னால் வருகிற வண்டிகளைச் சொன்னான். அவனுக்கு அவை முன்னால் வருவது போல் தெரிந்ததால் எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னான். ஒரு இளநீர்க் குவியல் மீது ஏறித்தான் வண்டி நின்றது. இளநீர்க்காரி திட்டியதை இங்கே எழுத முடியாது. விளக்கு அணையவில்லை. தங்கப்பழத்தின் கழுத்துதான் அன்று முழுவதும் இடப்பக்கமாகவே நின்றது. எதிரில் வந்தவர்களெல்லாம் இவர் தங்களைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதாக நினைத்தார்கள்.

"அளந்து பாத்துருவோம்" என்றான் சுயம்பு. டயருக்கு வைக்கிற காற்று மீட்டரை எடுத்து வந்து, ஓடுகிற என்ஜினின் காற்றுக் குழாய் வாயில் வைத்தான். முள் பூஜ்யத்தில் நின்றது.

"காத்தே இல்லியே!" என்றார் தங்கப்பழம். "அப்பொ ஜெபராஜ் பொய் சொல்லுதானா?"

வேதமாணிக்கம் கண்ணை மூடி யோசித்தார். "பொய் இல்ல வே. காத்து அளவுக்கு மீறிப் போச்சு. முள்ளு ஒரு சுத்து முழுசாச் சுத்தி மறுபடியும் பூஜ்யத்துக்கே வந்து நிக்கி."

மூவரும் பயந்து இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள்.

கடைசியில் தங்கப்பழத்துக்குத்தான் புத்தி வந்தது. "கசிவு பாக்கதுக்கு நமக்குத் தெரிஞ்ச வழி என்னடே? தண்ணில முக்கணும். குமிழி எங்க வருதோ அங்க ஓட்டை."

"தொட்டி பத்தாதே அத்தான். லாரி ட்யூபே மடிச்சுத்தான் போடுதோம்."

"குளம் இருக்குல்லா?"

குளத்தில் நெஞ்சளவு தண்ணீர் கிடந்தது. காரைத் தள்ளிக்கொண்டு போய் இறக்கினார்கள். எருமை இறங்குவது போல் அது நிதானமாக இறங்கியது. பானெட் முங்கியதும் குமிழி வந்தது. ஒரு இடத்திலா? முன்னால், பின்னால், கதவு இடுக்கில், விளக்குக்குள், சீட்டுக்கு அடியில் எல்லாம் வந்தது.

"அய்யய்யோ! வண்டி பூரா பஞ்சர்!" என்று சுயம்பு தலையில் கைவைத்தான். வேதமாணிக்கம் சாக்குக்கட்டியோடு முங்கி முங்கி, குமிழி வருகிற இடத்திலெல்லாம் வட்டம் போட்டார். எழுந்து பார்த்தால் வட்டம் கரைந்திருந்தது. மறுபடியும் முங்கினார். கரையில் துணி துவைத்த பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

தங்கப்பழம் தண்ணீருக்குள் நின்றபடி மீசையைத் தடவிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு அது இருக்காது என்று தோன்றியது. கண் கலங்கியது. முகமெல்லாம் நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் குமிழி குறைந்தது. பிறகு ஒன்றிரண்டு வந்தது. பிறகு நின்றேவிட்டது.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"தானா அடஞ்சிட்டு அத்தான்!"

"கசிவு இல்ல வே! ஒரு பொட்டுக் கசிவு இல்ல!"

டிராக்டர் வைத்து இழுத்துக் கரையேற்றினார்கள். தங்கப்பழம் சாவியைத் திருகினார். மஞ்சள் விளக்கு எரியவில்லை. சிவப்பு விளக்கும் எரியவில்லை. எந்த விளக்கும் எரியவில்லை. என்ஜினும் ஓடவில்லை என்பது உண்மைதான். ஆனால் இத்தனை நாளாக அவர்கள் அடித்துக்கொண்டது விளக்குக்காகத்தானே? தங்கப்பழம் அங்கிருந்தே சம்பந்திக்குப் போன் போட்டார். "கசிவு இல்ல. பாத்தாச்சு. மூணு பேரு சாட்சி. சென்சார எடுத்து வையுங்க."

ஞாயிற்றுக்கிழமை அதே டிராக்டர் காரை வள்ளியூர்த் தெருமுனை வரை இழுத்து வந்து விட்டுப் போனது. மிச்சத்தைச் சுயம்புவும் வேதமாணிக்கமும் குனிந்து பின்னாலிருந்து தள்ளினார்கள். தங்கப்பழம் கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்து, சத்தமில்லாமல் வந்து இறங்கினார்.

"கரண்டுல ஓடுத வண்டியா மாமா?" என்று மருமகன் வீட்டுப் பெண்கள் கேட்டார்கள்.

"ஆமா" என்றார் தங்கப்பழம். அவர் ஆயுளில் பட்ட சந்தோஷங்களில் அது ஒன்று.

வளையல் போட்டார்கள். ஐந்து வகைச் சோறு போட்டார்கள். செல்வக்கனி காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். "யப்பா, சீட்டு ஏன் ஈரமா இருக்கு? குளத்து வாடை வேற அடிக்கு." அவள் சொல்லி முடிக்கும் முன், ஏசிக் காற்று வருகிற துவாரத்திலிருந்து ஒரு தவளை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனது.

ஆதிலிங்கம் பானெட்டைத் திறந்து, சென்சாரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தார். தண்ணீர் கொட்டியது. பின்னாலேயே கொஞ்சம் பாசியும் வந்தது.

"சம்பந்தி, இது காத்த அளக்கதுக்கு உள்ள சாமான். தண்ணிய அளக்கதுக்கு இல்ல. இந்தக் கோலத்துல கொண்டுவந்து, மட்டம்னு சொன்னா நான் எப்படி நம்புவேன்?"

"கசிவு இல்லன்னா மாத்தித் தாரேன்னு சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேன்."

"கசிவு இருக்கா?"

ஆதிலிங்கம் காரைப் பார்த்தார். கதவின் அடியிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. "கசியுதே சம்பந்தி" என்றார்.

தங்கப்பழம் காருக்குள் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. மகளையும் இறங்க விடவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் மருமகன்தான் ஒரு கயிற்றை எடுத்து வந்து, அவன் அப்பா காரின் பின்னால் இதைக் கட்டினான். ஆதிலிங்கம் முன்னால் ஓட்ட, இரண்டு காரும் பணகுடிக்குப் புறப்பட்டன. தங்கப்பழம் ஸ்டீயரிங்கை விடவில்லை. மகள் அப்பா வண்டியில்தான் போனாள். மீசை தப்பித்தது.

சென்சாரை ஆதிலிங்கம் இன்றுவரை மாற்றித் தரவில்லை. அதைக்கூடத் தங்கப்பழம் பொறுத்துக்கொள்வார். அவரால் பொறுக்க முடியாதது இன்னொன்று. அன்றைக்கு வள்ளியூரிலிருந்து பணகுடி வரை இவர் ஓவர்டேக் எடுக்க ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிக்கொண்டே வந்தாராம். சம்பந்தி ஒரு இடத்தில்கூட வழி விடவில்லையாம்.