மேல் கிளைக்குப் போன சுள்ளிகள்

ஏரியின் நடுவே நின்ற பழைய நீர்க்கடம்பு மரத்தில் பறவைகள் கூட்டமாகக் குடியிருந்தன. மேல் கிளையில் செந்தூவி என்ற நாரை இருந்தாள். துணையை முன்பே இழந்துவிட்டு, இரண்டு குஞ்சுகளைத் தனியாக வளர்த்துவந்தாள். அவளுக்கு நேர் கீழே மையன் என்ற நீர்க்காகம், மனைவி பாசியோடும் ஒரு குஞ்சோடும் குடியிருந்தான்.

ஒரு நாள் பிற்பகலில் புயல் அடித்தது. கொஞ்ச நேரம்தான். அது அடங்கியபோது செந்தூவியின் இரண்டு குஞ்சுகளும் தண்ணீரோடு போய்விட்டிருந்தன. முறிந்த கிளையோடு ஏரிக்குள் விழுந்த பாசி மேலே வரவில்லை. மையனுக்கு மிஞ்சியது பாதி பிய்ந்த கூடும், அதில் இறகு முளைக்காத குஞ்சும்தான்.

அந்த மரத்தில் ஒரு வழக்கம் உண்டு. துக்கம் விசாரிக்கப் போகிறவர் அலகில் ஒரு சுள்ளி கொண்டுபோக வேண்டும். அதைக் கூட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். புறப்படும்போது "வருகிறேன்" என்று சொல்லக் கூடாது. பேசாமல் பறந்துவிட வேண்டும்.

முதல் மூன்று நாள் மையன் மரத்தடித் தண்ணீரிலேயே கிடந்தான். வேர்களுக்கு நடுவே முங்கி முங்கிப் பாசியைத் தேடினான். குஞ்சுக்கு ஒரு மீனைக் கொடுத்துவிட்டு மறுபடி முங்கினான். யாராவது கூட்டை நோக்கி வரும் நிழல் தண்ணீரில் விழுந்தால், அப்போதும் முங்கினான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. வருகிறவர்கள் முன்னால் எந்த முகத்தை வைத்துக்கொள்வது?

நான்காம் நாள் அவன் கூட்டின் விளிம்பில் வந்து உட்கார்ந்தான். 'பொத்'தென்று தலையில் ஒரு சுள்ளி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தான். மேலே செந்தூவியின் கூடு சுள்ளிகளால் நிரம்பி வழிந்தது. கொக்குகள், வக்காக்கள், தாராக்கள் என்று வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். நாரைகளுக்கு உரத்த குரல் கிடையாது. அலகைத் தட்டித்தான் அழுவார்கள். செந்தூவி 'டக டக டக' என்று தட்டியது ஏரி முழுக்கக் கேட்டது.

மையன் தன் கூட்டைப் பார்த்தான். அதன் ஓரத்தில் யாரும் வைத்த சுள்ளி ஒன்றுகூட இல்லை.

அப்போது கூழைக்கடா ஒருவர் மேல் கிளையிலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன மாமா, மேலே கூட்டம் அதிகமோ?" என்று கேட்டான் மையன்.

"பாவம் அவள்! இரண்டு, மையா! இரண்டும் போய்விட்டன!"

"எனக்குப் போனது ஒன்றுதானே!"

"அடடா, அப்படியா சொன்னேன்? நானும் மூன்று தடவை வந்தேனப்பா. வரும்போதெல்லாம் நீ முங்கிவிட்டாய். நீ இல்லாத கூட்டில் சுள்ளியை வைக்கக் கூடாது, திருப்பி எடுத்துப்போகவும் கூடாதே! அதனால் மேலே வைத்துவிட்டேன்."

மாமா போய்விட்டார். மையனின் மனம் அங்கேயே நின்றுவிட்டது. என் சுள்ளியும் அவளுக்கா! அவள் சத்தமாக அழுகிறாள், அதனால் அவள் துக்கம் பெரிது. நான் தண்ணீருக்குள் அழுதேன். தண்ணீருக்குள் அழுதால் யாருக்குத் தெரியும்? இரண்டு குஞ்சா, ஒரு மனைவியா, எது பெரிது? குஞ்சுகள் அடுத்த பருவத்தில் மறுபடி பொரிக்கும். பாசி மறுபடி வருவாளா?

இப்படி நினைக்க அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் நினைத்தான். அன்று முழுவதும் வேறு எதையும் நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் வக்கா ஒருவன் சுள்ளியோடு மேலே போனான். மையன் அவனைக் கூப்பிட்டான்.

"தம்பி, ஒரு சந்தேகம். புயல் அடித்தபோது அவள் கூட்டில் இருந்தாளா?"

"இல்லையா? எங்கே போயிருந்தாள்?"

"எனக்கென்ன தெரியும்! கழனிப் பக்கம் இப்போது தவளை நன்றாகக் கிடைக்கிறதாமே. ஊரில் சொல்கிறார்கள்."

ஊரில் யாரும் சொல்லவில்லை. மையனாகவே கட்டிய பேச்சு அது.

வக்கா அலகிலிருந்த சுள்ளியைத் தண்ணீரில் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டான். நண்பகலுக்குள் ஏரி முழுவதும் அதே பேச்சு. "குஞ்சுகளை விட்டுவிட்டுத் தவளை தின்னப் போனாளாம்!" "அதனால்தான் இவ்வளவு சத்தமாக அழுகிறாளா!" அதன் பிறகு ஒருவரும் மேல் கிளைக்குப் போகவில்லை. சாயங்காலத்துக்குள் அந்த 'டக டக' சத்தமும் நின்றுவிட்டது.

மையனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அரை நாள்கூட நிற்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் வக்கா இரண்டு கொக்குகளை அழைத்துக்கொண்டு மையனின் கிளைக்கே வந்துவிட்டான். மையன் கழுத்தை நீட்டி அவர்களுடைய அலகுகளைப் பார்த்தான். மூன்று அலகும் காலி.

"உட்காருங்கள்," என்றான் மையன். "பாசி அன்று காலையில்கூட..."

"பாசி கிடக்கட்டும் அண்ணே! அந்தத் தவளைக் கதையைச் சொல்லுங்கள்! எத்தனை தவளை தின்றாளாம்?"

"அதெல்லாம் எனக்கு..."

"சும்மா சொல்லுங்கள் அண்ணே! நாங்கள் யாரிடம் சொல்லப்போகிறோம்!"

சிரித்தார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு, "வருகிறோம் அண்ணே! நாளைக்கும் வருகிறோம்!" என்று சொல்லிக்கொண்டு பறந்தார்கள்.

துக்க வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை. அதை அவர்கள் எவ்வளவு கலகலப்பாகச் சொன்னார்கள்! இது துக்க வீடு என்பதே அவர்களுக்கு நினைவில்லை. நினைவில்லாமல் செய்தது யார்? மையனுக்குப் பதில் தெரிந்தது. அதனால் அந்தக் கேள்வியை அவன் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

அதற்குள் தெற்கே மேகம் கறுத்தது. கூட்டின் தரையில் இருந்த ஓட்டை அகலமாகிக்கொண்டே வந்தது. குஞ்சின் ஒரு கால் அதன் வழியே வெளியே தொங்கியது. இன்னொரு மழை வந்தால் கூடு தாங்காது. மீனென்றால் மரத்தடியிலேயே பிடித்துவிடலாம். காய்ந்த சுள்ளி கரையில்தான் கிடைக்கும். பாசி இருந்தவரை ஒருவர் போவார், ஒருவர் காவல் இருப்பார். இப்போது யார் இருப்பார்?

"அசையாமல் இருடா கண்ணு! இதோ வந்துவிடுகிறேன்!" என்று சொல்லிவிட்டுக் கரைக்குப் பறந்தான்.

சுள்ளியைக் கவ்விக்கொண்டு திரும்பும்போது தூரத்தில் 'டக டக டக' என்ற சத்தம் கேட்டது. 'ஆரம்பித்துவிட்டாள்! யாரும் வரவில்லை என்றதும் மறுபடி தட்டுகிறாள்!' என்று மனத்துக்குள் எரிந்தான். எரிந்துகொண்டே மரத்தைப் பார்த்தான். அவன் கூட்டுக்கு மேலே ஒரு பருந்து வட்டமிட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

சுள்ளி எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. எப்படிப் பறந்தான் என்றும் தெரியாது. பருந்தின் முதுகில் போய் மோதினான். அலகால் கொத்தினான். கத்தினான். பருந்து சலித்துப்போய் விலகிப் பறந்தது. குஞ்சு ஓட்டைக்குள் இடுப்புவரை இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

குஞ்சை இழுத்து மேலே கிடத்தினான். இதோ, நானும் போயிருந்தேன். நானும் கூட்டில் இல்லை.

முதல் துளி மழை விழுந்தது. மையன் குஞ்சைக் கழுத்தால் அணைத்தபடி மேலே பார்த்துக் கூப்பிட்டான்.

"அக்கா!"

செந்தூவி கீழே எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உன்னைப் பற்றிப் பேச்சைக் கிளப்பியவன் நான்தான்!"

"தெரியும்," என்றாள் செந்தூவி. நாரைக்குப் பேச்சு தொண்டைக்குள் முனகலாகத்தான் வரும். "கீழே பேசுவது மேலே நன்றாகக் கேட்கும்."

"அது பொய், அக்கா. நானே கட்டியது."

"பொய் இல்லை. கழனிக்குத்தான் போயிருந்தேன். தவளை பிடிக்கத்தான். காற்று எழும்பியதைப் பார்த்தேன். இன்னும் ஒன்று பிடித்துக்கொண்டு போகலாம் என்று நின்றேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ எப்படியோ சொல்லிவிட்டாய்."

மையனால் தலைநிமிர முடியவில்லை.

"நீயும் ஒன்று கேட்டுக்கொள்," என்றாள் செந்தூவி. "எல்லாரும் சுள்ளி கொண்டுவந்தார்கள். எனக்குச் சுள்ளி எதற்கு? யாரைப் படுக்கவைக்க? கீழே உன் குஞ்சு இரை கேட்டுக் கத்தும்போதெல்லாம் என் வயிறு எரிந்தது. இவனுக்கு ஒன்றாவது மிஞ்சியதே என்று எரிந்தது. சற்று முன்னால் பருந்து வருவதை முதலில் பார்த்தவள் நான். உடனே தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. 'இவனுக்கும் தெரியட்டும்' என்று நினைத்தேன். ஓர் இலை உதிர்ந்து தண்ணீரைத் தொடும் நேரம்தான். ஆனால் நினைத்தேன். அப்புறம்தான் தட்டினேன்."

மழை வலுத்தது. இவள்மீது கோபப்பட வேண்டுமா என்று மையன் தனக்குள் தேடிப் பார்த்தான். அவள் சொன்னதில் அவனுக்குத் தெரிந்தது அவன் முகம்தான்.

"நீ தட்டியதால்தான் நான் திரும்பிப் பார்த்தேன், அக்கா," என்றான் கடைசியில். "கீழே வா. எனக்குத் தனியாக முடியவில்லை."

செந்தூவி இறங்கி வந்தாள். நீண்ட கால்களை ஓட்டையின் இரு பக்கமும் ஊன்றி நின்று, இரண்டு சிறகுகளையும் குடைபோல விரித்தாள். குஞ்சின்மேல் ஒரு துளி விழவில்லை. மையன் மேல் கிளைக்கும் கீழ்க் கிளைக்கும் ஏறி இறங்கினான். மேலேயிருந்த சுள்ளிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து ஓட்டையில் செருகினான். இருட்டுவதற்குள் தரை கெட்டியாகிவிட்டது.

விடியும்போது மழை ஓய்ந்திருந்தது. வக்கா சொன்னபடியே வந்து நின்றான்.

"அண்ணே, அந்தத் தவளைக் கதை..." என்று தொடங்கியவன், கூட்டில் செந்தூவியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"அவள் இரை தேடப் போயிருந்தாள்," என்றான் மையன். "குஞ்சு வைத்திருக்கிற எல்லாரும் போவார்கள். நேற்று நானும் போனேன். என் குஞ்சைப் பருந்து பார்த்தது. இதைக் கொண்டுபோய் ஏரி முழுவதும் சொல்! போ!"

வக்கா போய்விட்டான்.

சத்தத்தில் குஞ்சு விழித்துக்கொண்டது. கண் சரியாகத் திறக்காமலே தலையைத் தூக்கி, பக்கத்தில் தெரிந்த அலகை நோக்கி வாயைப் பிளந்தது. அது மையனின் அலகு அல்ல. செந்தூவியின் அலகு.

அவள் விறைத்து நின்றாள். பிறகு அவள் தொண்டை தானாக அசைந்தது. ஒரு சின்ன மீனைக் கூட்டின் தரையில் கக்கினாள். தரையிலிருந்து எடுத்துத் தின்று குஞ்சுக்குப் பழக்கமில்லை. அப்பாவின் தொண்டைக்குள் தலையை விட்டுத்தான் அது தின்னும். தடுமாறி, இரண்டு தரம் கொத்தி, ஒரு வழியாக விழுங்கியது. விழுங்கிவிட்டு மறுபடியும் அவளைப் பார்த்தே கத்தியது.

மையனுக்குச் சுருக்கென்றது. பழைய இடத்தில், பழைய மாதிரியே சுருக்கென்றது. என் குஞ்சு அவளைக் கேட்கிறதே! இந்த எரிச்சல் நேற்று மழையோடு போய்விட்டது என்றல்லவா நினைத்தான்? போகவில்லை. போகாது போலிருக்கிறது. அவன் அதை மெல்ல விழுங்கிக்கொண்டான்.

"அவனுக்கு ஒன்று போதாது, அக்கா," என்றான். "நான் போய்ப் பிடித்துக்கொண்டு வருகிறேன். நீயே கொடு."

சொல்லிவிட்டுத் தண்ணீரில் பாய்ந்தான். இந்தத் தடவை மீனோடு உடனே மேலே வந்தான்.

தன் இழப்பு பெரிதா அடுத்தவர் இழப்பு பெரிதா என்று அளந்துகொண்டே இருப்பவரின் துக்கம் ஆறுவதில்லை. பொறாமை குத்தினாலும் அடுத்தவரைத் தன் கூட்டுக்குள் அழைத்துக்கொள்பவரே தன் துக்கத்தைத் தாங்கி நிற்கிறார்.