ஒரு பாம்புக்கு இரண்டு பை

"இளவழகன் ஐயா கண்ணுக்கு எந்தப் பாம்பும் தப்பாது. அதான் அவரைத் தனியா அனுப்பப் பயமா இருக்கு."

சமையல்கட்டுக்குப் பின்னால் அண்டா தேய்த்துக்கொண்டிருந்த இளவழகனின் காதில் இது விழுந்தது. சொன்னவர் வேதவல்லி. கேட்டுக்கொண்டிருந்தவர் கஞ்சி கிண்டும் பச்சையம்மாள். சுவருக்கு இந்தப் பக்கம் ஆள் இருப்பது இருவருக்கும் தெரியாது.

அண்டாவில் நார் உரசும் சத்தம் சற்று நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

அது மணிமுத்தாற்றங்கரையில் இருந்த ஒரு சன்மார்க்க சபை. காலையில் வருகிறவர்களுக்கெல்லாம் அங்கே கஞ்சி உண்டு. எந்த உயிரையும் கொல்லாதவர்கள் என்பதால், சுற்று வட்டாரத்தில் யார் வீட்டுக்குள் பாம்பு வந்தாலும் சபைக்குத்தான் ஆள் வரும். வேதவல்லி வனத்துறையில் பயிற்சி பெற்றவர். போய்ப் பிடித்து, காட்டில் விட்டுவிட்டு வருவார். பெரியவர், சின்னவர் என்ற பேச்சு சபையில் இல்லை. எல்லாரும் எல்லாருக்கும் ஐயா, அம்மாதான்.

இளவழகன் அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர். வேதவல்லியைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். முன்பு நெய்வேலியில் கைக்கடிகாரம் பழுது பார்த்தார். கண்ணில் செருகிக்கொள்ளும் அந்தச் சின்னப் பூதக்கண்ணாடி இன்னும் அவர் சட்டைப்பையில் இருந்தது. பாம்பின் செதிலையும் அதை வைத்துத்தான் பார்த்தார். சாரையை நாகம் என்று ஊரே அலறும்போது அவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். மண்ணுளியா கண்ணாடி விரியனா, ஓநாய்ப் பாம்பா கட்டுவிரியனா, எதிலும் அவர் தவறியதில்லை.

ஆனாலும் பாம்பைப் பிடிக்கும் கொக்கிக் கம்பி வேதவல்லியின் கையில்தான் இருந்தது. வேலை இல்லாத நேரத்தில் அது சமையல்கட்டு ஆணியில் தொங்கும். இளவழகன் துணிப்பைகளைச் சுமந்துகொண்டு பின்னால் போவார்.

எப்போதும் இரண்டு பைகள்.

"ஒரு பாம்புக்கு எதுக்கும்மா ரெண்டு பை?" என்று முதலில் ஒருமுறை கேட்டிருக்கிறார்.

"வரும்போது கீரை வாங்கலாம்ல."

சொன்னபடியே வாங்கவும் செய்தார். ஒரு பையில் பாம்பும் ஒரு பையில் முளைக்கீரையுமாக இளவழகன் வண்டியில் உட்கார்ந்து வந்தார். அன்றிலிருந்து அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"அம்மா, நான் எந்தப் பாம்பையாவது தப்பாச் சொல்லியிருக்கேனா?"

வேதவல்லி பச்சையம்மாளைப் பார்த்தார். பச்சையம்மாள் அடுப்பைப் பார்த்தார்.

"இல்லையே ஐயா."

"அப்புறம் என்ன பயம்?"

"கண்ணு மட்டும்தான் கூர்னு நினைச்சேன். காதும் அப்படித்தான் போல."

பச்சையம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். என்ன பயம் என்று வேதவல்லி சொல்வதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது.

வந்தவர் தணிகாசலம், செங்கல் சூளை மேஸ்திரி. செய்தித்தாளில் சுற்றி ஒரு பாம்புச் சட்டையைக் கொண்டுவந்திருந்தார்.

"ஆளுங்க தங்குற கொட்டகைக்குப் பக்கத்துல, கல்லு அடுக்குல கிடந்துச்சும்மா. பார்த்ததுலேர்ந்து ஒருத்தனும் வேலையில நிக்க மாட்டேங்கிறான். ஒண்ணுமில்லாத பாம்புதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிடறேன்."

வேதவல்லி அதை இளவழகனிடம் தள்ளினார்.

இளவழகன் சட்டையைத் தரையில் நீளமாக விரித்தார். கண்ணாடியைச் செருகிக்கொண்டு தலையிலிருந்து வால்வரை குனிந்தபடியே போனார்.

"நடு முதுகைப் பாருங்க. அந்த ஒரு வரிசைச் செதில் மட்டும் பெரிசா, ஆறு பக்கத்தோட இருக்கு. பார்க்க இதே மாதிரி இருக்குற ஓநாய்ப் பாம்புக்கு முதுகு முழுக்க ஒரே அளவு. இது கட்டுவிரியன்."

மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார்.

"ஒண்ணுமில்லைன்னு சொல்லச் சொன்னா, பெரிசா இல்ல சொல்றீங்க! கல்லுக்குள்ள அதுக்கு என்னய்யா வேலை?"

"எலி பிடிக்க வரும், பல்லி பிடிக்க வரும். சின்னப் பாம்புங்களையும் தின்னும்."

வேதவல்லி குனிந்து பார்த்தார். "சரியாச் சொன்னீங்க. இப்ப அது எங்கே இருக்கு?"

இளவழகன் சிரித்தார். "சட்டையைப் பார்த்து அதை எப்படிம்மா சொல்றது?"

"சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, வேதவல்லி அந்தச் சட்டையைக் கொக்கிக் கம்பிக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணியில் மாட்டினார்.

அன்று மதியம் இருவரும் சூளைக்குப் போய்த் தேடினார்கள். கல் அடுக்குகள் ஆள் உயரத்துக்கு நின்றன. எந்தச் சந்தில் எது இருக்கிறதென்று வெளியிலிருந்து தெரியவில்லை. "யாரும் தரையில படுக்காதீங்க" என்று வேதவல்லி கொட்டகை கொட்டகையாகச் சொன்னார். "கட்டிலுக்கு எங்கம்மா போறது?" என்று ஒரு பெண் கேட்டாள். "முதலாளிகிட்ட சொல்றேன்" என்றார் மேஸ்திரி.

வரும் வழியில் கீரை வாங்கினார்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள், விடிந்து வெளிச்சம் வந்த நேரம். முதல் கஞ்சி இன்னும் இறங்கவில்லை. மேஸ்திரியின் மோட்டார் சைக்கிள் சபைக்குள்ளேயே வந்து நின்றது. பின்னால் கொளஞ்சி என்ற செங்கல் அறுக்கும் தொழிலாளி மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். செவ்வந்திக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். கைப்பிடியில் ஒரு சிமெண்டுப் பை தொங்கியது.

"புள்ளைய கடிச்சிட்டுதுய்யா. அடிச்சுக் கொண்டாந்திருக்கோம். விஷமா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார் மேஸ்திரி. "விஷம்னா பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். இல்லைன்னா எதுக்குப் புள்ளையப் போட்டு அலைக்கழிக்கணும்?"

வேதவல்லி உள்ளே அடுப்படியில் இருந்தார். இளவழகன் திரும்பிப் பார்த்தார். பிறகு பையைத் தரையில் கொட்டினார்.

கொளஞ்சி பேசிக்கொண்டே இருந்தான். "நடுராத்திரியில எறும்பு கடிச்சிடுச்சுப்பான்னு விரலைக் காட்டுனா சாமி. தடவிக் கொடுத்துட்டுப் படுக்கப் போட்டேன். கோழி கூவுற நேரத்துல வயித்த வலின்னு அழுவுறா. லைட்டைப் போட்டா, பாயோரத்துல இது. செங்கல்லாலயே ஒரே போடு."

இளவழகனின் கண்ணில் கண்ணாடி இருந்தது. பாம்பின் தலை நசுங்கியிருந்தது. உடம்பு முழுதாக இருந்தது. பட்டைகள் கழுத்திலிருந்தே தொடங்கின. முன்பக்கம் அழுத்தமாக இருந்து, வாலை நோக்கிப் போகப் போக மங்கி மறைந்தன. நடு முதுகில் பெரிய செதில் இல்லை. விரலால் தடவி இன்னொரு முறை பார்த்தார்.

"ஓநாய்ப் பாம்பு. இதுக்கு விஷமே கிடையாது."

"பார்த்தியா!" மேஸ்திரி கொளஞ்சியின் முதுகில் தட்டினார். "வழியெல்லாம் அழுதுட்டு வந்தியே. ஆம்பளையாடா நீ?"

கொளஞ்சி சிரிக்கப் பார்த்தான். மகளின் தலையில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டான். "தூங்கட்டும் சாமி. ராத்திரியெல்லாம் தூங்கலை புள்ள."

பச்சையம்மாள் ஒரு தம்ளரில் கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்தார். "ஒரு வாய் குடி தங்கம்."

செவ்வந்தி வாய் திறந்தாள். கஞ்சி உள்ளே போகவில்லை. உதட்டோரம் வழிந்து பாவாடையில் சொட்டியது.

அப்போதுதான் வேதவல்லி வெளியே வந்தார். அவர் தரையில் கிடந்ததைப் பார்க்கவில்லை. தம்ளரை வாங்கி ஓரமாக வைத்தார். குழந்தையின் முன்னால் உட்கார்ந்தார்.

"என்னைப் பாரு கண்ணு."

குழந்தை தலையைப் பின்னால் சாய்த்து, இமைக்குக் கீழிருந்து பார்த்தாள். இமைகள் மேலே எழவில்லை.

"உன் பேர் என்ன?"

என்னவோ சொன்னாள். மூக்கால் பேசுவதுபோல இருந்தது.

வேதவல்லி திரும்பாமலேயே கேட்டார். "பாம்பு என்ன ஐயா?"

"ஓநாய்ப் பாம்பும்மா. சந்தேகமே இல்லை."

இப்போது திரும்பி ஒருமுறை பார்த்தார். "ஆமா. ஓநாய்ப் பாம்புதான்."

பிறகு கேட்டார். "கடிச்சது எது?"

இளவழகன் கண்ணிலிருந்து கண்ணாடியை எடுத்தார். குழந்தையின் முகத்தைப் பார்த்தார். வந்ததிலிருந்து அவர் அந்த முகத்தைப் பார்த்திருக்கவில்லை. பிறகு அவர் பார்வை சமையல்கட்டு ஆணிக்குப் போனது. கதவு வழியாக வந்த காற்றில் அந்தக் கட்டுவிரியன் சட்டை ஆடிக்கொண்டிருந்தது.

 அவரே குழந்தையைத் தூக்கினார். அரிசி மூட்டை ஏற்றும் சபை வண்டியில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைத் தன் மடியில் பிடித்துக்கொண்டார். மேஸ்திரி வண்டியை ஓட்டினார். கொளஞ்சி செத்த பாம்பை மறுபடி பையில் போட்டு நெஞ்சில் அணைத்துக்கொண்டு வந்தான்.

"ஒண்ணும் செய்யாதுன்னீங்களே சாமி" என்றான் பாதி வழியில்.

இளவழகன் குழந்தையின் வாயில் வழிந்த எச்சிலைத் துடைத்தார்.

"பாம்பைத்தான் சொன்னேன் கொளஞ்சி. உன் மவளைப் பத்திச் சொல்ல எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்கலை."

மருத்துவமனையில் வேட்டி முழுக்க எச்சில் ஈரத்தோடு குழந்தையை ஏந்திக்கொண்டு உள்ளே ஓடினார். பணியில் இருந்த டாக்டர் இளைஞர். "என்ன பாம்பு? கொண்டாந்திருக்கீங்களா?" என்றார்.

கொளஞ்சி பையை நீட்டினான். இளவழகன் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"இது விஷமில்லாதது டாக்டர். ஆனா கடிச்சது இதுதானான்னு தெரியாது. கடிச்சதை யாரும் பார்க்கலை. ராத்திரி எறும்பு கடிச்ச மாதிரி இருந்திருக்கு. அப்புறம் வயித்து வலி. இப்ப இமை தூக்க முடியலை, விழுங்க முடியலை. கொட்டகைகிட்ட கட்டுவிரியன் சட்டை கிடைச்சிருக்கு."

டாக்டர் பையைத் திறக்கவில்லை. குழந்தையின் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். உடனே நர்சைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலையில்தான் இளவழகன் சபைக்குத் திரும்பினார். கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பச்சையம்மாளுக்கு உடம்புக்கு முடியாததால் வேதவல்லியே கிண்டிக்கொண்டிருந்தார்.

"புள்ள?"

"மூச்சுக்குக் குழாய் போட்டிருந்தாங்க. விடியக்காலையில கண்ணைத் திறந்து அப்பனைப் பார்த்துச்சு. பிழைச்சுக்கும்னு டாக்டர் சொல்லிட்டார்."

வேதவல்லியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு கிண்டினார்.

"உட்காருங்க. ஒரு வாய் கஞ்சி குடிங்க."

இளவழகன் உட்காரவில்லை. ஆணியில் தொங்கிய சட்டையின் அருகே போனார். கண்ணாடியை எடுக்கவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, அன்னிக்கு இது எங்கே இருக்குன்னு கேட்டீங்களே."

"கேட்டேன்."

"இன்னமும் தெரியாது."

"ஆமா."

"கொட்டகையில மத்தவங்க இருக்காங்க. நேத்து ராத்திரியும் தரையிலதான் படுத்திருப்பாங்க. கல் அடுக்கு முழுக்கப் பிரிச்சுப் பார்த்துடணும். மேஸ்திரிகிட்டப் பேசிட்டேன். ஆள் விடறேன்னார். முதலாளி கத்துவாராம். கத்தட்டும்னுட்டார்."

வேதவல்லி கரண்டியை வைத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். ஆணியிலிருந்து கொக்கிக் கம்பியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

இளவழகன் அதை வாங்காமல் அவர் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க வரலையாம்மா?"

"கஞ்சி அடி பிடிச்சிடும் ஐயா."

கம்பியை வாங்கிக்கொண்டார். அடுக்கிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து, கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தோளில் போட்டுக்கொண்டார். வாசலில் மேஸ்திரியின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

வாசல்வரை போனவர் நின்றார். திரும்பி வந்து, இன்னொரு பையையும் எடுத்துக்கொண்டு போனார்.