அடுப்பை அணைத்தவள்

நம்மூர்ப் பனி புல் நுனியில் நிற்கும். வெயில் வந்தால் ஓடிவிடும். கதவை மூடி, சுவரை மூடி, கூரையையும் எட்டுகிற பனியைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

வெகு காலத்துக்கு முன்னால் இமயமலைச் சரிவில் ஒரு சிற்றூர் இருந்தது. அங்கே வீரகீர்த்தி என்று ஒரு குடியானவன், அவன் மனைவி சாருமதி, அவர்களுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். பனிக்காலத்தில் காலையில் எழுந்ததும் எல்லாரும் கூரைச் சன்னலைத் திறந்து அக்கம்பக்கத்து வீடுகளைப் பார்ப்பார்கள். புகை வந்தால் அந்த வீட்டில் எல்லாரும் நலம். வராவிட்டால் ஆபத்து. ஊரே மண்வெட்டியோடு ஓடிப்போய்ப் பனியைத் தோண்டி அவர்களை மீட்க வேண்டும்.

வீரகீர்த்திக்கு இதில் தனிப் பெருமை. "என் தாத்தா கல்யாணத்தில் மூட்டிய அடுப்பு. மூன்று தலைமுறையாக அணைந்ததில்லை. எங்கள் வீட்டுக்கு எவனும் மண்வெட்டி தூக்கி வந்ததில்லை" என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்வான்.

அந்த வருஷம் பனி முன்னதாகவே வந்தது. மாசி போய்ப் பங்குனி பிறந்தும் விடவில்லை. விறகு தீர்ந்தது.

"பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுங்கள். இரண்டு கட்டை தருவார்கள்" என்றாள் சாருமதி.

"நானா கேட்பது?" என்றான் அவன். கலப்பையை உடைத்து அடுப்பில் போட்டான். புகை போயிற்று.

மறுநாளும் அவள் சொன்னாள். அவன் உள்ளறைக் கதவைப் பிளந்து போட்டான். அன்றைக்கும் புகை போயிற்று.

மூன்றாம் நாள் அவள் சொல்வதற்கு முன்பே அவன் கை மரத்தொட்டிலுக்கு நீண்டது. குழந்தை அதில்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

சாருமதி குடத்துத் தண்ணீரைத் தூக்கி அடுப்பில் கவிழ்த்தாள்.

"அடி பாவி! மூன்று தலைமுறை நெருப்பு!"

"நெருப்புக்கு மூன்று தலைமுறை. பிள்ளைக்கு மூன்று மாதம். எதைக் காப்பாற்றச் சொல்கிறீர்கள்?"

அவன் தொட்டிலிலிருந்து கையை எடுத்தான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு குழந்தையை நடுவில் வைத்து இருவரும் உட்கார்ந்தார்கள். குழந்தையின் பாதம் சில்லிட்டது. அவளுக்கும் பயம்தான், ஆனாலும் மறுபடி அடுப்பை மூட்ட எழுந்திருக்கவில்லை.

உச்சிப்பொழுதில் வெளியே மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பனியைத் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே வந்தவன் பக்கத்து வீட்டுச் சோமதத்தன். கதவில்லாத அறையை ஒரு பார்வை பார்த்தான்.

"நீயுமா?" என்றான். "நான் கட்டிலை எரித்தேன். உன் வீட்டில் புகை வரும்போது நான் எப்படிக் கேட்பது?"

பின்னால் நின்ற ஊர்த்தலைவர் தொண்டையைக் கனைத்தார். அவர் வீட்டு அடுப்பிலும் இரண்டு மரப்பெட்டிகள் எரிந்திருந்தன. குட்டு உடைந்ததும் ஊரே வெட்கப்பட்டுச் சிரித்தது.

அன்றைக்கே மிச்சமிருந்த மரத்தையெல்லாம் தலைவர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். எல்லாக் குடும்பமும் அங்கேயே தங்கியது. வீட்டுக்கு வீடு எரித்தால் நாலு நாளைக்குக் காணாத விறகு, ஒரே அடுப்பில் எரித்தபோது பனி உருகும்வரை வந்தது. ஒரு குழந்தைக்கும் சளி பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு வீரகீர்த்தியின் வாய் சும்மா இருந்ததா? இல்லை. "ஊரைக் காப்பாற்ற அடுப்பை அணைத்தாளே, அவள் என் வீட்டுக்காரி!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு திரிந்தான். இந்தப் பெருமை நியாயமான பெருமைதான்.

இல்லாததை மறைத்து வீட்டை எரிப்பதைவிட, வாய் திறந்து உதவி கேட்பதே குடும்பத்துக்குக் கௌரவம்.