கிடைக்காத கியர்

வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், தேயிலை பறிக்கும் பெண்களை மலையேற்றும் பழைய பிக்கப் படுத்துவிட்டது. நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸில் கியர் உடைந்திருந்தது. கோயம்புத்தூர் வரை தேடியும் கிடைக்கவில்லை. பெண்கள் நடந்தே ஏறினார்கள்.

“கம்பெனி ஒரிஜினலே வேணும். நாளைக்குள்ள வண்டி ஓடலேன்னா உனக்கு வேலை கிடையாது” என்று மெக்கானிக் இருதயத்திடம் கத்தினார் மேனேஜர்.

“எங்கே கண்டாலும் கழட்டிக்கலாங்களா ஐயா?”

“தாராளமா கழட்டு. யாராவது தடுத்தா என் பேரைச் சொல்லு.”

மறுநாள் காலை பிக்கப் ஜோராக வந்து நின்றது. பெண்கள் ஏறிக்கொண்டார்கள்.

“எங்கேடா கிடைச்சுது?” என்றார் மேனேஜர்.

“உங்க பங்களா வாசல்ல அதே மாடல் வண்டியை அழகுக்கு நிறுத்தியிருக்கீங்களே, அதுலதாங்க. வாட்ச்மேன் தடுத்தாரு, உங்க பேரைச் சொன்னேன்.”

“என் வண்டியிலயா கை வெச்சே?”

“நிக்கிற வண்டிக்கு எதுக்குங்க ஐயா இழுவை?”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மேனேஜருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சரி, கிளம்பு” என்றார்.