பாலம் தாண்டிய மேயர்

பிலிப்பைன்ஸ் நாட்டில் ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்கு எஃப்ரென் என்றொரு மேயர் இருந்தார். பாலத்துக்கு அப்பாலுள்ள ஊரிலிருந்து வந்து மீன் உருண்டை பொரித்து விற்ற நெனிதா, சந்தையில் ஒரு கடை வேண்டுமென்று விடாமல் கேட்டாள்.

"என் ஊர்க்காரர்களுக்குத்தான் கடை. நீ அந்தக் கரைக்காரி, போ!" என்பார் மேயர்.

அவருடைய ஆட்கள் விரட்டினால் அவள் தள்ளுவண்டியோடு பாலம் தாண்டிவிடுவாள்; அங்கே அவர் அதிகாரம் செல்லாது. மறுநாளும் வருவாள்.

பிறகு எஃப்ரென் இரண்டு கரை ஊர்களும் அடங்கிய மாநகரம் முழுவதற்கும் தலைவரானார். முதல் வேலையாகக் கேமராக்காரர்களோடு பாலம் தாண்டிப் போய் அவள் வண்டியை மறித்தார்.

"இனி எங்கே ஓடுவாய்? இரண்டு கரையும் என் ஊர்தான்!"

"ஏன் ஓடணும் ஐயா? அப்படியானால் நானும் உங்கள் ஊர்க்காரிதானே! என் கடை எது?"

கூட்டம் கைதட்டியது. கேமராக்கள் அவர் முகத்துக்குத் திரும்பின.

மாலையில் சந்தைக்குள் நெனிதாவின் அடுப்பு எரிந்தது. முதல் உருண்டையைத் தலைவரே தின்றார், நாக்கு வெந்தும் சிரித்தபடி.